கொல்லைப்புறத்தின் ஒளிக்கணக்கு

கள்ளக்குறிச்சியைச் சுற்றிலும் புன்செய் நிலங்கள் மனைப்பிரிவுகளாகி வருகின்றன. வீடு கட்டி முடித்தபின் பலருக்கும் பின்புறத்தில் ஒன்றரை அல்லது இரண்டு சென்ட் இடம் எஞ்சுகிறது. அங்கே தோட்டம் போடும் ஆசை நம் மக்களுக்கு இயல்பாகவே உண்டு. அதற்கான திட்டந்தான் இருப்பதில்லை. நாற்றங்காலில் கண்ணுக்குப் பிடித்த கன்றுகளை வாங்கி வந்து, வெற்றிடம் கண்ட இடத்திலெல்லாம் நட்டுவிடுகிறோம். ஒரு மூலையில் தென்னை, மறு மூலையில் மா, நடுவே ஒரு நெல்லி. சில ஆண்டுகளில் அவற்றின் அடியில் கத்தரி நெடுநெடுவென வளர்ந்து பூக்காமல் நிற்கிறது. வீட்டார் மண்ணைக் குறை சொல்கிறார்கள், எருவைக் கூட்டுகிறார்கள். ஒளி போதாத செடிக்கு எரு என்ன செய்யும்?

சதுர அடி அளவு பத்திரத்துக்கு உரியது. பயிருக்கு உரிய அளவு வேறு. ஓரிடத்தில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறதோ, அதைப் பொறுத்தே அங்கே எது வாழும் என்பது அமைகிறது. காய் தரும் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை ஆகியவற்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி போன்றவை நான்கு மணி நேரத்தில் நிறைவு கொள்ளும். இஞ்சி, மஞ்சள், சேம்பு, வல்லாரை ஆகியவை அதனினும் குறைந்த ஒளியில் தழைக்கும். எனவே சிறு தோட்டத்துக்குத் திட்டம் வரைவோர் செடிகளின் பட்டியலை எடுப்பதற்கு முன் நிழலின் படத்தை வரைந்துகொள்ள வேண்டும்.

அந்தப் படம் ஊருக்கு ஊர் மாறும். கள்ளக்குறிச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.7 பாகை அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் இங்கே கதிரவன் தென்திசையில் 55 பாகை உயரத்தில் நிற்கும். ஜூன் 21 நண்பகலில் வடதிசையில் 78 பாகை உயரத்தில் நிற்கும். இடையே ஏப்ரல் 21-ஐ ஒட்டி ஒருமுறையும், ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி மறுமுறையும் நேர் உச்சிக்கு வரும்; அந்நாள்களின் நண்பகலில் நேராக நட்ட கோலுக்கு நிழல் இராது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்கள் நம் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகிறது. எஞ்சிய எட்டு மாதங்கள் வடக்கு நோக்கி விழுகிறது. உயரமானதை வடக்கிலும் தாழ்ந்ததைத் தெற்கிலும் வைக்கச் சொல்வது மேலைநாட்டுத் தோட்ட நூல்களின் பொதுவிதி. ஆண்டு முழுவதும் நண்பகற் கதிரவன் தெற்கிலேயே நிற்கும் நாடுகளில் பிறந்த விதி அது. அதை நாம் நம் நிழலோடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும்.

ஒப்பிட்டால் என்ன கிடைக்கிறது? இரண்டு மீட்டர் உயரச் சுற்றுச்சுவர், மார்கழி நண்பகலில் வடக்கே 1.4 மீட்டர் வரை நிழல் பரப்பும். அதே சுவர் ஆனி நண்பகலில் தெற்கே 40 சென்டிமீட்டர் அளவுக்கே நிழல் தரும். நம் காய்கறிக் காலமோ ஆடியில் விதைத்துத் தை வரை பறிப்பது. அதன் பெரும்பகுதி, கதிரவன் தெற்கே சாய்ந்திருக்கும் காலத்தில் அடங்குகிறது. எனவே கொடிப் பந்தலை வடக்கு ஓரத்தில் வைத்தால் காய்க்கும் காலத்தில் பாத்திகளுக்கு ஊறில்லை. கோடையில் அது தெற்கே தரும் சிறு நிழலும் நன்மையே செய்யும். மேலை விதி இங்கே சரியாகவே முடிகிறது. ஆயினும் அது சரியாவதற்குக் காரணம் நம் பட்டம். சித்திரையில் விதைத்து ஆவணியில் அறுக்கும் வழக்கம் நமக்கு இருந்திருந்தால் அந்த விதி பொருந்தியிராது.

கணக்குப் போட விரும்பாதோர் ஒரு மீட்டர் நீளக் கோலை நேராக நட்டு, நிழலின் நுனியில் ஒரு சிறு கல்லை வைத்துப் பார்க்கலாம். மார்கழி நடுவில் நண்பகல் நிழல் 70 சென்டிமீட்டர் இருக்கும். அளக்கும் நேரத்தில் மட்டும் கருத்து வேண்டும். நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்கு நெட்டாங்கின் நேரத்தைக் காட்டுகிறது. கள்ளக்குறிச்சி 79 பாகையை ஒட்டி அமைந்தது. அதனால் இங்கே கதிரவன் உச்சம் தொடுவது, சராசரியாகப் பகல் 12 மணி 14 மணித்துளிக்கு. நாளுக்கு ஏற்ப அது கால் மணி நேரம் வரை முன்பின் ஆகும். நிழல் மிகக் குறுகிய நேரமே உண்மையான உச்சி.

இனி ஒரு கொல்லைப்புறத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்குப் பார்த்த வீட்டை நம் மக்கள் பெரிதும் விரும்புவதால், மேற்கே கொல்லை அமைந்த மனைகள் மிகுதி. அக்கொல்லை வீட்டிலிருந்து மேற்கே 9 மீட்டரும் தென்வடலாக 8 மீட்டரும் கொண்டது என்க. ஏறத்தாழ ஒன்றே முக்கால் சென்ட். வீடு கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 4 மீட்டர் உயரம். இந்த அமைப்பில் முதல் இழப்பு காலை வெயில். மார்கழியில் உச்சிக்கு 4 மணி நேரம் முன்பு வீட்டின் நிழல் மேற்கே எட்டரை மீட்டருக்கு மேல் நீண்டு ஏறத்தாழக் கொல்லை முழுவதையும் மூடிவிடும். உச்சிக்கு 3 மணி நேரம் முன்பு 4.7 மீட்டராகச் சுருங்கும். பங்குனியிலும் புரட்டாசியிலும் அதே நேரத்தில் 4 மீட்டராக இருக்கும். எனவே வீட்டையொட்டிய 4 மீட்டர் பட்டை காய்கறிக்கு உரியதன்று. துணி துவைக்கும் கல், மட்கு குழி, வல்லாரை, இஞ்சி, சேம்பு ஆகியவை அங்கே இருக்கட்டும். நாளை மாடி எடுத்து வீடு 7 மீட்டராக உயர்ந்தால் அதே நிழல் 8 மீட்டரைத் தாண்டும். தோட்டம் தன் மார்கழிக் காலையை முழுவதுமாக இழக்கும். மாடி கட்டும் எண்ணம் உள்ளோர் தோட்டக் கணக்கையும் அப்போதே போட்டுக்கொள்வது நல்லது.

மேற்குக் கோடியில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மரங்களை வைக்கலாம்: எலுமிச்சை, கறிவேப்பிலை, கொய்யா என மூன்று. மேற்கே வைப்பதற்குக் காரணம் உண்டு. காலை வெயிலும் மாலை வெயிலும் பயிருக்கு ஒன்றல்ல. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரால் காலையில் இலை விறைப்பாக இருக்கும், இலைத்துளைகள் திறந்திருக்கும், கரிவளி தடையின்றி உள்ளே செல்லும். பிற்பகலில் காற்று உலர்ந்து வெப்பம் ஏறும்போது, நீரைக் காக்க இலை தன் துளைகளைச் சுருக்கிக்கொள்கிறது. வாசல் அடைத்த ஆலைக்கு வெளியே மூலப்பொருள் குவிந்து கிடப்பதைப் போல, வெயில் எவ்வளவு கொட்டினாலும் உணவாக்கம் அதற்கேற்பப் பெருகாது. அன்றியும், கத்தரி, தக்காளி போன்றவற்றின் தனி இலை முழுவெயிலில் பாதியளவைக் கொண்டே பெரும்பாலும் நிறைவடைந்துவிடும். ஆகவே பிற்பகலில் ஒரு பகுதி வெயிலை மரம் தடுத்தால் இழப்பு சிறிது. சித்திரை, வைகாசியில் அது பெரும் நன்மை. தண்டங்கீரையும் சிறுகீரையும் இதற்கு விலக்கு. சோளம், கரும்பு போல அவற்றுக்கும் கரிவளியைச் செறித்துப் பயன்படுத்தும் தனி அமைப்பு இலையில் உண்டு. அதனால் கடுவெயிலையும் அவை வீணாக்குவதில்லை.

மேற்கு மர வரிசைக்கு இன்னொரு கடமையும் உண்டு. அம்மியை நகர்த்தும் என்று ஊரார் சொல்லும் ஆடிக்காற்று அத்திசையை ஒட்டித்தான் வருகிறது. மொட்டைச் சுவர் காற்றைத் தடுத்தாலும், அதன் பின்னே சுழலை உண்டாக்கிச் செடியைச் சாய்க்கும். பாதியளவு இடைவெளி உள்ள உயிர்வேலி காற்றை வடிகட்டி வேகத்தைத் தணிக்கும். எளிதில் ஒடியும் முருங்கையை இவ்வரிசையில் வைக்கலாகாது. வடகிழக்கு மூலையில் வைத்து, சிறு பருவத்திலேயே நுனி கிள்ளித் தாழ்வாகப் பழக்க வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 விதைமுருங்கை இவ்வாறு கிள்ளி வளர்ப்பதற்கு உகந்தது.

மர வரிசையின் உயரமே இத்திட்டத்தின் உயிர். மரங்கள் இரண்டரை மீட்டருக்குள் இருந்தால், மார்கழியில் உச்சி கடந்து 3 மணி நேரம் ஆன பின்னும் அவற்றின் நிழல் கிழக்கே 3 மீட்டரை எட்டாது. நடுவிலுள்ள பாத்திகளின் பெரும்பகுதிக்கு, ஆண்டில் ஒளி மிகக் குறைந்த அந்நாளிலும் ஆறு மணி நேரம் கிடைக்கும். மேற்கு ஓரத்தில் அது ஐந்துக்குக் கீழே இறங்கும். அங்கே மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் வைக்கலாம். அதே மரங்களை 5 மீட்டர் வளரவிட்டால் உச்சி கடந்த 2 மணி நேரத்திலேயே நிழல் 3.3 மீட்டர் நீண்டு பாத்திகளில் பெரும்பகுதியை மூடிவிடும். ஆகவே ஆண்டுதோறும் கவாத்து செய்வது தோட்டப் பராமரிப்பில் ஒரு பணி என்று மட்டும் கொள்ளலாகாது; வரைபடத்தைக் காக்கும் பணியும் அதுவே. கவாத்துக்கு இணங்காத தென்னைக்கு இத்தகைய கொல்லையில் இடமில்லை. இரு தென்னைகளுக்கு இடையே ஏழரை மீட்டர் வேண்டும் என்பது வேளாண் துறையினர் சொல்லும் அளவு. அந்த ஒரு மரம் கொல்லை முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும்.

வடக்கே பந்தலுக்கு 2 மீட்டரும், தெற்குச் சுவரின் நிழலுக்கு 1.4 மீட்டரும் விட்டபின் எஞ்சுவது 4.6 மீட்டர். கை எட்டும் தொலைவு 60 சென்டிமீட்டர் ஆதலால், இருபுறமும் நின்று வேலை செய்யத்தக்க பாத்தியின் அகலம் 1.2 மீட்டர். இடையே 45 சென்டிமீட்டர் நடைபாதை இரண்டு விட்டால் மூன்று பாத்திகள் அமையும். பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. மிதிபட்ட மண்ணில் காற்றும் நீரும் செல்லும் நுண்துளைகள் நசுங்கிவிடும். வடபாத்தியில் வெண்டை, நடுவில் கத்தரியோ தக்காளியோ, தென்பாத்தியில் கீரையும் வெங்காயமும் வைக்கலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தவை. ஒன்றின் வாடல்நோய் மற்றதையும் தாக்கும். ஆதலால் அக்குடும்பம் அடுத்தடுத்து ஒரே பாத்தியில் தொடரலாகாது. தெற்குச் சுவரை ஒட்டி மஞ்சள் வைக்கலாம். வைகாசியில் நட்ட மஞ்சள், கதிரவன் வடக்கே நிற்கும் மாதங்களில் வெயில் பெற்றுத் தழைக்கும். நிழல் ஏறும் மார்கழிக்குள் கிழங்கு முற்றத் தொடங்கியிருக்கும்.

பந்தலில் ஏற்றும் கொடிகளுள் அவரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆடியில் ஊன்றிய அவரை தையில் காய்க்கும் என்பது நம் உழவர்கள் நன்கறிந்தது. அதன் காரணம் வியப்புக்குரியது. கள்ளக்குறிச்சியில் மிக நீண்ட பகல் 12 மணி 50 மணித்துளி அளவு. மிகக் குறுகிய பகல் 11 மணி 25 மணித்துளி அளவு. ஒன்றரை மணி நேரம் கூட இல்லாத இவ்வேறுபாட்டை அவரைக் கொடி உணர்கிறது. இலையிலுள்ள ஒளியுணர் நிறமி இரவின் நீளத்தை அளக்கிறது. இரவு போதுமான அளவு நீண்ட பின்னரே பூங்கொத்து வெளிப்படுகிறது. எவ்வளவு எரு இட்டாலும் நாட்டுக் கொடியவரை ஐப்பசிக்கு முன் தாராளமாகப் பூக்காதது இதனால்தான். இதில் தோட்ட அமைப்புக்கு ஒரு பாடம் இருக்கிறது. குறும்பகல் செடியின் நீண்ட இரவுக்கு நடுவே ஒளி விழுந்தால், செடி அதைக் குறுகிய இரவாகக் கொண்டு பூப்பைத் தள்ளிப்போடும். ஆகவே தெருவிளக்கின் கீழும், விடியவிடிய எரியும் பின்கட்டு விளக்கின் கீழும் அவரைப் பந்தல் அமைக்கக் கூடாது. வேறிடம் இல்லாதோர் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்தவரையை நடலாம்.

நகரிலிருந்து கச்சிராயபாளையம் பக்கம் சென்றால் கணக்கில் ஒரு புதிய உறுப்பு சேர்கிறது. மேற்கே கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. மாலைக் கதிரவன் தொடுவானத்தை எட்டுமுன்பே முகட்டின் பின்னே மறைந்துவிடுகிறது. கையை நேரே நீட்டி முட்டியை மடக்கினால், முட்டியின் அகலம் கண்ணுக்கு ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். மலைமுகடு ஒரு முட்டி உயரம் தெரியும் கொல்லையில், மாலை வெயில் 40 மணித்துளி அளவு குறைகிறது என்று பொருள். அங்கே மேற்கில் மர வரிசை தேவையில்லை. மலையே அப்பணியைச் செய்கிறது.

மலைமேல் ஏறினால் திட்டத்தின் அடிப்படையே மாறும். வெள்ளிமலை, கரியாலூர் போன்ற மலையூர்கள் கீழ்நாட்டைவிடப் பல நூறு மீட்டர் உயரத்தில் உள்ளவை. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை பாகை வீதம் வெப்பம் குறைவதால், அங்கே நான்கைந்து பாகை குளிர்ச்சி மிகும். ஆயினும் மலைத்தோட்டத்தை ஆள்வது குளிர்ச்சியினும் சரிவே. சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினரின் நிலங்களில், சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு இட்டு மண்ணைத் தாங்குவதைக் காணலாம். வீட்டுத் தோட்டத்துக்கும் அதே முறை வேண்டும். பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்தால் ஒரே மழையில் மேல்மண் கீழே போய்விடும். கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் புள்ளிகளைக் குறித்துச் சென்றால் சமமட்டக் கோடு கிடைக்கும். அக்கோட்டின் வழியே பாத்தி அமைய வேண்டும். சரிவின் மேற்புறத்தில் பலாவையும் அதன்மேல் மிளகுக் கொடியையும் வைத்தால், அவற்றின் இலைச்சருகு கீழேயுள்ள பாத்திகளுக்கு மூடாக்காகும்.

நீரைப் பொறுத்தவரை நம் நிலை வெளிப்படை. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்தாலும், தை முதல் சித்திரை வரை பெரும்பாலும் வானம் வறண்டே இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரை, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஆண்டுக்கு 48,000 லிட்டர் தருகிறது. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழி தோண்டிய வீடுகளிலும் அது பெரும்பாலும் தூர்ந்து கிடப்பது வேதனை தருகிறது. கொல்லையின் தாழ்ந்த இடத்தில், அடித்தளத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி அக்குழியை அமைத்து, மரங்களை அதன் அருகே நட்டால் ஒரே குழி கிணற்றுக்கும் வேருக்கும் உதவும்.

கோடைக்கு வீட்டுக் கழிவுநீரே கதி. ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. நால்வர் வீட்டின் 220 லிட்டரில் பாதி கொல்லைக்கு வந்தாலும் 110 லிட்டர். வைகாசி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பயிர் நாளுக்கு 5 லிட்டர் அளவு நீரை ஆவியாக்கும். அப்படியானால் கோடையில் 22 சதுர மீட்டரைத்தான் காக்க முடியும். அதற்கு மேல் பயிரிடுவது வாடுவதற்கே. சவர்க்கார நீரிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கும் ஆதலால், அந்நீரை முதலில் கல்வாழைக்கும் சேம்புக்கும் வாழைக்கும் விட்டு, இடத்தை மாற்றி மாற்றிப் பாய்ச்ச வேண்டும். பச்சையாக உண்ணும் கீரைக்கு அது ஆகாது.

மண்ணைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். புதுவீட்டின் கொல்லையில் கொத்தனார் சிமென்ட் கலவை போட்ட இடம் ஒன்று இருக்கும். அங்கே காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போகும். கறிவேப்பிலையின் இளந்தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் ஐயமே வேண்டாம். அவ்விடத்து மண்ணை ஓர் அடி ஆழத்துக்கு அகற்றிப் புதுமண் இட வேண்டும். மற்றொன்று, இம்மாவட்டத்தின் கரும்புத் தோட்டங்களில் எரிக்கப்படும் சோகை. பாத்திமேல் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஆவியாகும் நீர் பெரிதும் குறையும். ஆனால் அதை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. சோகையில் கரி மிகுதி, தழைச்சத்து குறைவு; அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையெல்லாம் தாமே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும்.

நால்வர் அல்லது ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஐந்து சென்ட் தோட்டம் போதும் என்றும், பல்லாண்டு மரங்களைப் பின்கோடியில் ஒதுக்க வேண்டும் என்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நல்ல பரிந்துரை. ஆயின் பின்கோடி எந்தத் திசையில் அமைகிறது என்பதை அவரவர் மனையில்தான் பார்க்க வேண்டும். அது தெற்காக அமைந்தால் மரங்கள் எட்டு மாதம் பாத்திமேல் நிழல் போடும். கேரளத்திலும் இலங்கையின் கண்டியிலும் தென்னை, பாக்கு, மிளகு, வாழை, இஞ்சி என்று அடுக்கடுக்காக வளரும் வீட்டுத் தோட்டங்களைக் கண்டு அவ்வாறே இங்கும் நடுவோர் உண்டு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கேரளத்தில் அத்தனை அடுக்குகளும் நீர் பெறும். ஆயிரத்தை ஒட்டிய மழையில் மேலடுக்கே நீரைக் குடித்துவிடும். நமக்கு இரண்டு அடுக்குக்கு மேல் தாங்காது.

ஒன்றே முக்கால் சென்ட் நிலம் நால்வருக்கு வேண்டிய காய்கறி முழுவதையும் தராது. ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்றாலே ஆண்டுக்கு 438 கிலோ ஆகிறது. வெங்காயமும் கிழங்கும் உழவர் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். பறித்த சில மணி நேரத்தில் வாடிச் சத்து குன்றும் கீரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பிஞ்சு அவரை ஆகியவற்றுக்கே சிறு கொல்லையை முதலில் ஒதுக்க வேண்டும்.

வரும் மார்கழியில் ஒரு கோலை நட்டு, காலை, உச்சி, மாலை என மூன்று வேளையும் நிழலின் நுனிகளில் கற்களை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பங்குனிக்குள் பாதையையும் பாத்தியையும் கயிறு பிடித்து அமையுங்கள். மரக்கன்றுகளை ஆடி மழைக்கு நடுங்கள். ஏழு மாதம் காத்திருப்பது நீண்டதாகத் தோன்றலாம். தவறான இடத்தில் வேர்விட்ட மரத்தை வெட்டும் நாளில் இழப்பது பத்து ஆண்டுகள்.